தரவுத்தளத்துக்குள்ளிருந்து வெளி நிரலை அழைக்கலாமா? ஒரு விலைக் கணக்கும் ஒரு குறுஞ்செய்தியும்

கேள்வியை முதலில் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். பால் சொசைட்டி ஒன்றின் கொள்முதல் கணக்கு போஸ்ட்கிரெஸ் தரவுத்தளத்தில் இருக்கிறது. உறுப்பினர் பால் ஊற்றியதும் லிட்டர், ஃபேட் (கொழுப்பு), எஸ்என்எஃப் (கொழுப்பு தவிர்த்த திடப்பொருள்) மூன்றும் அட்டவணையில் ஒரு வரியாகப் பதிவாகின்றன. விலையைக் கணக்கிட, சி மொழியில் முன்பே எழுதப்பட்ட லைப்ரரி (மற்ற நிரல்கள் அழைத்துப் பயன்படுத்தும் நிரல் தொகுப்பு) ஒன்று கைவசம் உள்ளது. மூல நிரலும் இருக்கிறது. வரி பதிவாகும்போதே ட்ரிகர் (வரி சேரும்போது தரவுத்தளம் தானாக ஓட்டும் நிரல்) வழியாக அந்த லைப்ரரியை அழைத்து விலையை நிரப்ப முடியுமா, அதே ட்ரிகரிலிருந்து பைதான் நிரல் ஒன்றை ஓட்டி உறுப்பினரின் கைபேசிக்குக் குறுஞ்செய்தி அனுப்ப முடியுமா என்பவையே கேட்கப்பட்டுள்ள இரண்டு விஷயங்கள்.

இரண்டுக்கும் வழி இருக்கிறது. முதலாவதை, கீழே சொல்லும் சில கட்டுப்பாடுகளோடு, தாராளமாகச் செய்யலாம். இரண்டாவதைச் செய்யவே வேண்டாம் என்பேன். இன்னாருக்கு இன்ன செய்தி போக வேண்டும் என்பதை மட்டும் ஓர் அட்டவணையில் எழுதிவைத்துவிட்டு, அனுப்பும் வேலையைத் தரவுத்தளத்துக்கு வெளியே ஓடும் நிரலிடம் விட்டுவிட வேண்டும். ஒன்று சி, மற்றொன்று பைதான் என்பதற்காக இப்படிப் பிரிக்கவில்லை. விலைக் கணக்கு பத்து முறை நடந்தாலும் விடை ஒன்றுதான், யாருக்கும் அது தெரியப்போவதுகூட இல்லை. குறுஞ்செய்தி இரண்டு முறை போனாலே, இரண்டு வேளைப் பாலுக்குப் பணம் எங்கே என்று கேட்டு உறுப்பினர் சொசைட்டி வாசலில் வந்து நிற்பார்.

நாம் எழுதிய ஃபங்ஷனை (பெயர் சொல்லி அழைக்கும் சிறு நிரலை) நாம் நினைத்த வரிசையில், நினைத்த எண்ணிக்கையில் ஓட்டித் தருவதாகத் தரவுத்தளம் எங்கும் ஒப்புக்கொள்ளவில்லை. வினவலின் விடை சரியாக இருக்கும், பரிவர்த்தனை (ஒன்றாக நிகழ வேண்டிய கட்டளைகளின் தொகுதி) முழுதாக நிற்கும் அல்லது முழுதாக மறையும் என்பவை மட்டுமே அது தரும் உறுதி. வினவலின் நிபந்தனைகளைச் சொல்லும் 'வேர்' (WHERE) பகுதியில் இரண்டு நிபந்தனைகளை 'அண்ட்' போட்டு இணைத்தால் எது முதலில் கணிக்கப்படும் என்பதை வினவல் திட்டமிடுநர் முடிவு செய்கிறது. பக்கவிளைவு உள்ள ஃபங்ஷனை அங்கே வைப்பது ஆபத்து என்று போஸ்ட்கிரெஸ் ஆவணங்களே எச்சரிக்கின்றன. பரிவர்த்தனை பாதியில் திரும்பினால் அட்டவணையில் எழுதியவை எல்லாம் எழுதப்படாதவையாகிவிடும். வெளி நிரல் எழுதிய கோப்பும், அது அனுப்பிய கோரிக்கையும், அது அச்சிட்ட ரசீதும் அப்படித் திரும்பி வருவதில்லை. தரவுத்தளத்துக்குள்ளேயே இதற்கு ஒரு சிறு சாட்சி உண்டு: சீக்வென்ஸ் (வரிசை எண் தரும் வசதி) கொடுத்த எண், பரிவர்த்தனை திரும்பினாலும் திரும்பாது, அதனால்தான் ரசீது எண்களில் அங்கங்கே ஓட்டை விழுகிறது. ஆகவே உள்ளே அழைக்கப்படும் எந்த நிரலைப் பற்றியும் நான் முதலில் கேட்பது இதுதான்: இது ஓடாமல் போனாலும், இரண்டு முறை ஓடினாலும், ஓடி முடித்தபின் ஓடியதே இல்லை என்று ஆனாலும் பாதகமில்லையா? பாதகமில்லை என்றால் உள்ளே வரலாம்.

அப்படி வந்த நிரல்கள் ஏராளம். 1986-இல் கலிஃபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் பெர்க்லி வளாகத்தில் மைக்கேல் ஸ்டோன்பிரேக்கரின் குழு போஸ்ட்கிரெஸைத் தொடங்கியபோதே, பயனர் தம் சொந்தத் தரவு வகைகளையும் செயற்குறிகளையும் சேர்த்துக்கொள்ள வேண்டும் என்பது அதன் அடிப்படை நோக்கங்களில் ஒன்றாக இருந்தது. நில வரைபடத் தரவுக்கு உலகம் முழுதும் பயன்படும் போஸ்ட்ஜிஐஎஸ், ஜியாஸ், ப்ராஜ் என்ற வெளி லைப்ரரிகளைத் தரவுத்தளத்துக்குள்ளிருந்து அழைக்கும் சி ஃபங்ஷன்களின் தொகுப்புத்தான். 2019-இல் வந்த போஸ்ட்கிரெஸ் 12-இல் தமிழ்ச் சொற்களின் விகுதிகளை நீக்கி வேர்வடிவத்துக்குக் கொண்டுவரும் வசதி சேர்ந்தது. அதுவும் ஸ்னோபால் என்ற தனித் திட்டத்தில் எழுதப்பட்டு, சர்வர் தன்னுள் ஏற்றிக்கொள்ளும் ஒரு லைப்ரரியாகத்தான் ஓடுகிறது. இவையெல்லாம் கணக்கீடுகள். உள்ளீட்டை வாங்கி விடையைக் கொடுப்பதோடு அவற்றின் வேலை முடிந்துவிடுகிறது.

கணக்கீடுதானே என்று அலட்சியமாக இருந்துவிடவும் முடியாது. வெளி நிரலே வேண்டாம் என்று இருப்பவர்களும்கூட ஒரு வெளி நிரலை ஒவ்வொரு நொடியும் அழைத்துக்கொண்டிருக்கிறார்கள் என்பது 2018-இல் பலருக்குத் தெரியவந்தது. லினக்ஸில் ஓடும் போஸ்ட்கிரெஸ், எழுத்துத் தொடர்களை அகரவரிசைப்படுத்த, இயல்பாக இயங்குதளத்தின் சி லைப்ரரியான ஜிலிப்சியைத்தான் கேட்கிறது. அவ்வாண்டு ஆகஸ்டில் வந்த ஜிலிப்சி 2.28 அந்த வரிசை விதிகளைப் பெரிய அளவில் மாற்றியது. பழைய விதிப்படி அடுக்கிய இண்டெக்ஸில் (தேடலுக்கான பட்டியலில்) புதிய விதிப்படி தேடினால் இருக்கும் வரியே இல்லை என்று விடை வரும். தனித்துவக் கட்டுப்பாடு இருந்தும் ஒரே மதிப்பு இரண்டு முறை நுழையும். தரவுத்தளப் பதிப்பில் மாற்றமில்லை, அட்டவணையை யாரும் தொடவில்லை, டெபியன் 9-இலிருந்து 10-க்கோ ரெட்ஹாட் 7-இலிருந்து 8-க்கோ இயங்குதளத்தை உயர்த்தியது மட்டும்தான் நடந்திருக்கும். ஜிலிப்சிக்கு மாற்று வழிகளைப் போஸ்ட்கிரெஸ் பின்னர் வலுப்படுத்திக்கொண்டே வந்தது. 2024-இல் வந்த பதிப்பு 17-இல் வெளி லைப்ரரியைச் சாராத உள்ளமைந்த வரிசை முறை ஒன்றும் இடம்பெற்றது. இந்தச் சம்பவத்தை இங்கே கொண்டுவரக் காரணம், உங்கள் விலை லைப்ரரிக்கும் இதே விதி பொருந்தும் என்பதே. அந்த லைப்ரரியின் விடையை நம்பித் தரவுத்தளம் எதையாவது சேமித்துவைத்திருந்தால், லைப்ரரியை மாற்றிய மறுகணமே சேமித்தது பொய்யாகிவிடும். அதைத் தரவுத்தளத்துக்கு யாரும் சொல்லப்போவதில்லை.

அடுத்து, அழைக்கப்படும் நிரல் எந்த இடத்தில் ஓடுகிறது என்பதைப் பார்க்க வேண்டும். இதில் ஒவ்வொரு தரவுத்தளமும் ஒவ்வொரு முடிவை எடுத்திருக்கிறது. ஐபிஎம்மின் டிபி2, வெளி ஃபங்ஷனை அறிவிக்கும்போதே அது 'ஃபென்ஸ்ட்' ஆனதா இல்லையா என்று கேட்கும். வேலி கட்டியது என்றே பொருள். வேலிக்குள் இருப்பது தனி ப்ராசஸில் (தனக்கென நினைவகத்தோடு ஓடும் நிரலில்) ஓடும், இல்லாதது தரவுத்தள எஞ்சினின் நினைவகத்திலேயே ஓடும், பின்னதற்குத் தனி அனுமதி வேண்டும். எனக்குத் தெரிந்தவரை இந்தத் துறையில் வைக்கப்பட்ட மிக நேர்மையான பெயர் அதுதான். ஆரக்கிள் 1997-இல் பதிப்பு 8-இல் சி ஃபங்ஷன்களை அழைக்கும் வசதியைத் தந்தபோது, அவற்றை எக்ஸ்ட்ப்ராக் என்ற தனி ப்ராசஸில் ஓட்டியது. அங்கே உங்கள் சி நிரல் தவறான நினைவக முகவரியைத் தொட்டுச் செத்தால் சாவது அந்த ப்ராசஸ் மட்டுமே. உங்கள் இணைப்புக்கு ஓஆர்ஏ-28576 என்ற பிழை வரும், மற்றவர்கள் எதுவும் அறியாமல் வேலை செய்துகொண்டிருப்பார்கள். ஆனால் வேலியிலும் வாசல் இருக்கிறது. 2002-இல் வெளியான ஒரு பாதுகாப்புக் குறைபாட்டின்படி, ஆரக்கிள் 8ஐ, 9ஐ பதிப்புகளில் வெளியிலிருந்து வரும் ஒருவர் கடவுச்சொல் எதுவுமின்றி எக்ஸ்ட்ப்ராக்கைத் தொடர்புகொண்டு, தரவுத்தளமே கேட்பதுபோல் நடித்து, இயங்குதளத்தின் எந்த லைப்ரரியிலிருந்தும் எந்த ஃபங்ஷனையும் ஓட்ட முடிந்தது.

மைக்ரோசாஃப்டின் எஸ்கியூஎல் சர்வர் எதிர்த்திசையில் தொடங்கி இந்தப் பக்கம் வந்துசேர்ந்தது. அதன் பழைய எக்ஸ்டெண்டட் ப்ரொசீஜர்கள் சர்வரின் ப்ராசஸுக்குள்ளேயே ஓடின. 2005-இல் டாட்நெட் நிரல்களை உள்ளே ஏற்கும் வசதி வந்தது. பாதுகாப்பானது, வெளித்தொடர்பு உள்ளது, பாதுகாப்பற்றது என்று மூன்று படிகளும் வைத்தார்கள். 2017 பதிப்பில் அந்தப் படிகளை நம்ப முடியாது என்று தாங்களே முடிவு செய்து, மூன்றையும் பாதுகாப்பற்றதாகவே கருதும் கட்டுப்பாட்டை இயல்பாக இயக்கத்தில் வைத்தார்கள். 2016-இல் ஆர் மொழிக்கும், 2017-இல் பைதானுக்கும் இடம் கொடுத்தபோது அவற்றை லாஞ்ச்பேட் என்ற சேவை மூலம் வெளியே தனி ப்ராசஸ்களில்தான் ஓட்டினார்கள். மைஎஸ்கியூஎல் இன்னும் பழைய வழியில் இருக்கிறது: எல்லா இணைப்புகளும் ஒரே ப்ராசஸின் த்ரெட்கள் (அதன் நினைவகத்தைப் பகிர்ந்து ஓடும் இழைகள்), ஏற்றப்படும் லைப்ரரியும் அதே ப்ராசஸில்தான். அங்கே ஒரு தவறான பாயிண்டர் (நினைவக முகவரி) முழு சர்வரையும் வீழ்த்தும்.

வெளியே தனி ப்ராசஸ், உள்ளே ஒரே ப்ராசஸ் என்ற இவ்விரண்டுக்கும் போஸ்ட்கிரெஸ் நடுவில் நிற்பதுபோல் தோன்றும், ஏனென்றால் ஒவ்வொரு இணைப்புக்கும் அதில் தனி ப்ராசஸ் உண்டு. அந்தத் தோற்றத்தை நம்ப வேண்டாம். எல்லா ப்ராசஸ்களும் ஒரே பகிர்வு நினைவகத்தைத் தொடுவதால், ஒன்று சிக்னல் 11 (தவறான நினைவகத்தைத் தொட்டதற்கு இயங்குதளம் தரும் நிறுத்தம்) வாங்கிச் செத்தால் அது பகிர்வு நினைவகத்தையும் கெடுத்திருக்கக்கூடும் என்று தாய் ப்ராசஸ் கருதுகிறது. போஸ்ட்மாஸ்டர் என்பது அதன் பெயர். உடனே அது மற்ற எல்லா இணைப்புகளையும் துண்டித்து, நினைவகத்தைப் புதிதாக அமைத்து, பதிவேட்டிலிருந்து மீட்பு வேலையைத் தொடங்கும். தரவு போகாது. ஆனால் காலை ஆறு மணிக்குப் பத்து மையங்களில் பால் அளந்துகொண்டிருக்கும்போது பத்தும் ஒரே நொடியில் நின்றுவிடும்.

இந்தப் பின்னணியோடு உங்கள் விலை லைப்ரரிக்கு வருகிறேன். அதை நேரடியாக அழைக்க முடியாது. நடுவில் ஒரு சிறிய சி கோப்பு எழுத வேண்டும். அதில் பிஜி மாட்யூல் மேஜிக் என்ற மேக்ரோ ஒருமுறை இடம்பெற வேண்டும். போஸ்ட்கிரெஸ் 8.2 முதல் இது கட்டாயம். ஒரு பெரும்பதிப்புக்காகத் தொகுத்த (கம்பைல் செய்த) கோப்பை இன்னொரு பெரும்பதிப்பு ஏற்றிக்கொள்வதை இதுதான் தடுக்கிறது. பிறகு கிரியேட் ஃபங்ஷன் கட்டளையில் கோப்பின் பெயரையும் ஃபங்ஷனின் பெயரையும் கொடுத்து, மொழி சி என்று அறிவித்தால் அழைப்புத் தயார். தவறுகள் பெரும்பாலும் நுழைவது இதற்குப் பின்னர்தான். அறிவிப்பில் 'ஸ்ட்ரிக்ட்' என்ற சொல்லை விட்டுவிட்டால், மதிப்பில்லாத ஃபேட் ஒன்று வரும்போதும் உங்கள் நிரல் அழைக்கப்படும். முகவரி வழியாக வரும் தரவு வகையாக இருந்தால் பூஜ்ய முகவரியைத் தொட்டு மேலே சொன்ன முழு நாடகமும் அரங்கேறும். ஆய்வுக் கருவி வேலை செய்யாத நாளில் ஃபேட் இல்லாமல் வரி பதிவாவது உங்கள் தொழிலில் வழக்கம்தானே, ஆகவே இது கற்பனைப் பயம் இல்லை. நினைவகத்தைச் சி மொழியின் மல்லாக் வழியாக வாங்காமல் போஸ்ட்கிரெஸ் தரும் பல்லாக் வழியாக வாங்குங்கள். வினவல் பிழையில் முடிந்தாலும் அது தானாகவே விடுவிக்கப்படும். பிழை நேரும்போது போஸ்ட்கிரெஸ் லாங்ஜம்ப் மூலம் உங்கள் ஃபங்ஷனைத் தாண்டிக் குதித்துவிடும் என்பதால், நீங்கள் திறந்த கோப்பை மூடும் வரி ஓடாமலே போகலாம். லைப்ரரி சி ப்ளஸ் ப்ளஸில் இருந்தால் அதன் எக்செப்ஷன் எதுவும் நடுக்கோப்பைத் தாண்டி வெளியே வரக் கூடாது. லைப்ரரி தனக்குள் த்ரெட்களைத் தொடங்கினால், அந்த த்ரெட்கள் போஸ்ட்கிரெஸின் எந்த ஃபங்ஷனையும் தொடக் கூடாது.

ஒரு நடைமுறைக் குறிப்பையும் சேர்க்கிறேன். புதிய பதிப்பைத் தொகுத்த பிறகு, ஓடிக்கொண்டிருக்கும் சர்வரில் பழைய கோப்பின் மீதே சிபி கட்டளையால் நகலெடுக்காதீர்கள். பழைய கோப்பு அப்போது பல ப்ராசஸ்களின் நினைவகத்தில் இணைந்திருக்கும். அதன் உள்ளடக்கம் காலடியில் மாறினால் அவை செத்துவிழும். புதிய பெயரில் வைத்துவிட்டு எம்வி கட்டளையால் இடம் மாற்றினால் பழைய இணைப்புகள் பழைய கோப்போடும், புதிய இணைப்புகள் புதியதோடும் ஓடும். ஒரு இணைப்பு தான் முதலில் ஏற்றிய லைப்ரரியையே முடியும்வரை வைத்திருக்கும் என்பதால், இணைப்புத் தொகுப்பி (திறந்த இணைப்புகளை மறுபடி பயன்படுத்தும் நிரல்) பயன்படுத்துபவர்கள் அதை ஒருமுறை புதுப்பிக்கவும் வேண்டும். இல்லாவிட்டால் ஒரே காலையில் இரண்டு விலைகள் வரும்.

விலை என்பதால் எண்ணின் வகையைப் பற்றியும் பேச வேண்டும். ஃபேட் 4.1 என்பது மிதவைப் புள்ளி எண்ணாக (கணினி இரும முறையில் தோராயமாக வைக்கும் தசம எண்ணாக) சரியாக அமையாது. அதைப் பெருக்கிப் பைசாவுக்குச் சுருக்கும்போது மையத்தில் காட்டிய தொகைக்கும் தரவுத்தளத்தில் உள்ள தொகைக்கும் ஒரு பைசா வேறுபாடு வந்தால் விளக்கம் சொல்லி மாளாது. ஃபேட்டைப் பத்தால் பெருக்கி 41 என்றும், தொகையைப் பைசாவிலும் முழு எண்களாகக் கொடுத்து வாங்குங்கள்.

அதைவிட முக்கியமானது, ஃபங்ஷனை 'இம்யூட்டபிள்' என்று அறிவிக்கலாமா என்பது. ஒரே உள்ளீட்டுக்கு எந்நாளும் ஒரே விடை என்று நீங்கள் தரும் வாக்கு அது. போஸ்ட்கிரெஸ் அதைச் சரிபார்க்காது, அப்படியே நம்பும். நம்பி, மாறிலிகளோடு வரும் அழைப்பைத் திட்டமிடும்போதே ஒருமுறை ஓட்டி விடையைப் பதித்துக்கொள்ளும். இண்டெக்ஸிலும் கணக்கிட்ட நெடுவரிசையிலும் இடம் கொடுக்கும். உங்கள் லைப்ரரி விலைப் பட்டியலைத் தனக்குள் வைத்திருந்தாலோ வட்டிலுள்ள கோப்பிலிருந்து படித்தாலோ, கொள்முதல் விலை மாறும் ஒவ்வொரு முறையும் அந்த வாக்கு உடையும். ஆகவே பட்டியலை ஓர் அட்டவணையில், எந்தத் தேதியிலிருந்து செல்லும் என்பதோடு வையுங்கள். அன்றைய விலைகளை ட்ரிகர் படித்து, உள்ளீடாகவே லைப்ரரிக்குக் கொடுக்கட்டும். அப்போது லைப்ரரி வெறும் கணக்காளர், வாக்கும் மெய்யாகும். கணக்கிட்ட தொகையை மறுபடி மறுபடி கணிக்காமல் வரியிலேயே எழுதிவிடுங்கள், ஏனெனில் அது அன்று உறுப்பினரிடம் சொன்ன விலை.

இவ்வளவும் சொன்ன பிறகு, சி வேண்டுமா என்றும் கேட்கத் தோன்றுகிறது. ஃபேட், எஸ்என்எஃப் இரண்டையும் விலையால் பெருக்கிக் கூட்டுவது தரவுத்தளத்தின் சொந்த வினவல் மொழியான எஸ்கியூஎல்லிலேயே நான்கு வரி வேலை. மையத்திலுள்ள கருவியும் தரவுத்தளமும் கடைசிப் பைசா வரை ஒரே நிரலால் கணக்கிட வேண்டும் என்பது உங்கள் காரணமாக இருந்தால் சி நியாயம். வேகம் காரணமாக இருந்தால், ஒரு நாளைக்கு இரண்டு வேளை பதிவாகும் வரிகளுக்கு அந்த வேகம் தேவைப்படாது.

பைதானுக்கு வருவோம். போஸ்ட்கிரெஸ் தன்னுள் ஓட்டும் மொழிகளை நம்பத்தக்கவை, நம்பத்தகாதவை என்று பிரிக்கிறது. பிரிப்பது நிரலாளரை வைத்து அல்ல, அந்த மொழி கோப்புகளையும் வலையையும் தொடாமல் கட்டுப்படுத்த முடிகிறதா என்பதை வைத்து. பெர்ல், டிசிஎல் இரண்டுக்கும் கட்டுப்படுத்திய வடிவம் உண்டு. பைதானுக்கு இல்லை. ஒருகாலத்தில் அந்த மொழியே தந்த கட்டுப்படுத்தும் தொகுதி பாதுகாப்பற்றது என்று தெரிந்து கைவிடப்பட்டதால், போஸ்ட்கிரெஸ் 7.4 முதல் பைதான் நம்பத்தகாத மொழியாக மட்டுமே கிடைக்கிறது. பெயரின் இறுதியில் ஒட்டியிருக்கும் 'யூ' அதைத்தான் குறிக்கிறது. அதில் எழுதிய ஃபங்ஷன் தரவுத்தளப் பயனரின் உரிமையோடு ஓடாது, சர்வர் ஓடும் இயங்குதளக் கணக்கின் முழு உரிமையோடு ஓடும். நீங்கள் கவனமாகக் கொடுத்த கிராண்ட், ரிவோக் (உரிமை தருதல், பறித்தல்) எதுவும் அங்கே செல்லாது. தரவுக் கோப்புகளையே அது படிக்கலாம், அழிக்கலாம். அதனால்தான் சூப்பர்யூசர் (எல்லா உரிமையும் உள்ள பயனர்) மட்டும் இதையும் சி ஃபங்ஷனையும் உருவாக்க முடிகிறது. அமேசான் ஆர்டிஎஸ் போன்ற வாடகைத் தரவுத்தளங்களில் உங்களுக்கு அந்த உரிமையே கிடைக்காது. என்றாவது அங்கே குடிபெயரும் எண்ணம் இருந்தால் விலை லைப்ரரியைப் பற்றியும் இப்போதே மறுபடி யோசிக்க வேண்டும். உரிமையைத் திருடி லைப்ரரியை ஏற்றுவது தாக்குபவர்களின் பழைய பாதையும்கூட: மைஎஸ்கியூஎல்லில் வினவல் விடையைக் கோப்பாக எழுதும் வசதியைக் கொண்டே லைப்ரரி ஒன்றை ப்ளக்இன் கோப்புறையில் இறக்கி, அதைப் ஃபங்ஷனாக அறிவித்து, சர்வரில் கட்டளைகளை ஓட்டுவார்கள்.

உரிமைச் சிக்கலைத் தீர்த்துவிட்டாலும் குறுஞ்செய்தியை ட்ரிகரிலிருந்து அனுப்பக் கூடாது. ட்ரிகர் ஓடும் நேரத்தில் வரி இன்னும் உறுதியாகவில்லை. அதே பரிவர்த்தனையில் அடுத்து வரும் கட்டளை தவறினால் வரி மறையும். செய்தி போனது போனதுதான். 'ஆன் கான்ஃப்ளிக்ட் டூ நத்திங்' என்று எழுதிய இன்சர்ட்டில், ஏற்கெனவே அந்த வரி இருப்பதால் எதுவும் சேராத நிலையிலும், வரி சேர்வதற்கு முன் ஓடும் 'பிஃபோர்' ட்ரிகர் ஓடிவிடும். மையத்தின் இணையம் விட்டுவிட்டு வரும்போது அதே வரியை மூன்று முறை அனுப்பினால், அட்டவணையில் ஒரு வரியும் கைபேசியில் மூன்று செய்திகளும் இருக்கும். ஆரக்கிளிலும் இதற்கு ஈடான ஒன்று உண்டு: இருவர் ஒரே வரியைத் திருத்தும்போது ஒருவரின் கட்டளையைச் சத்தமின்றித் திரும்ப எடுத்து மறுபடி தொடங்கும், ட்ரிகரும் மறுபடி ஓடும்.

இவையெல்லாம் தவறான செய்தி என்ற அளவில் நிற்பவை. தரவுத்தளமே நின்றுபோனதை நான் என் கையால் செய்த ஏற்பாட்டிலேயே பார்த்தேன். பல ஆண்டுகளுக்கு முன் ஒரு பில்லிங் தரவுத்தளத்தில், ட்ரிகருக்குள் பைதான் வைத்து ஒரு செய்திச் சேவையை அழைத்திருந்தோம். மாதக்கணக்கில் நன்றாகவே ஓடியது. ஒரு பண்டிகைக்கு முந்தைய நாள் அந்தச் சேவை பதில் சொல்லாமல் இணைப்பைப் பிடித்துக்கொண்டே இருந்தது. ஒவ்வொரு பில்லும் வாடிக்கையாளர் நிலுவை வரியின் பூட்டைக் கையில் வைத்தபடி காத்திருக்க, பின்னால் வந்தவர்கள் அந்தப் பூட்டுக்குக் காத்திருக்க, நூறு இணைப்புகளும் நிறைந்தன. சூப்பர்யூசருக்கென ஒதுக்கியிருக்கும் மூன்று இடங்களில் ஒன்றில் நுழைந்து வினவல்களை ரத்து செய்தேன், ஒன்றும் அசையவில்லை. ரத்து, கால வரம்பு இரண்டுமே அந்த ப்ராசஸுக்கு ஒரு குறிப்பை எழுதிவைப்பவைதான். போஸ்ட்கிரெஸின் சொந்த நிரல் மறுபடி கைக்கு வரும்போதுதான் அந்தக் குறிப்பைப் படிக்கும். கட்டுப்பாடு பைதானிடம் இருந்தது, பைதான் வலையிடம் காத்திருந்தது. பொறுமையிழந்து, ப்ராசஸைக் கட்டாயமாகக் கொல்லும் கில் -9 கட்டளையைக் கொடுத்தேன். ஒரு ப்ராசஸ் அசாதாரணமாகச் செத்ததால் போஸ்ட்மாஸ்டர் தன் கடமைப்படி எல்லாவற்றையும் நிறுத்திவிட்டு மீட்பில் இறங்கியது. எழுந்து வந்தபின் பில்கள் மறுபடி போடப்பட்டன; முதல் சுற்றிலேயே செய்தி போய்ச்சேர்ந்திருந்தவர்களுக்கு இரண்டாவதும் போயிற்று.

அதற்குப் பிறகு நான் மாறாமல் செய்துவருவது இது. அனுப்ப வேண்டியவை என்று ஓர் அட்டவணை. அதில் பால் பதிவின் எண், கைபேசி எண், செய்தி, நிலை, முயற்சிகளின் எண்ணிக்கை. ட்ரிகர் இதில் ஒரு வரியைச் சேர்ப்பதோடு ஒதுங்கிவிடும். பால் பதிவு நின்றால் இந்த வரியும் நிற்கும், அது மறைந்தால் இதுவும் மறையும். பால் பதிவின் எண்ணுக்குத் தனித்துவக் கட்டுப்பாடு வைத்தால் ஒரே பதிவுக்கு இரண்டு வரிகள் சேராது. மையத்திலிருந்து மறுபடி வரும் வரிகளுக்கு இது உதவ வேண்டுமானால், அந்த எண்ணை மையமே கொடுத்திருக்க வேண்டும். இல்லாவிட்டால் ட்ரிகரை 'ஆஃப்டர்' வகையாக வையுங்கள், வரி உண்மையில் சேர்ந்தால் மட்டுமே அது ஓடும். வெளியே தனியாக ஓடும் பைதான் நிரல், அனுப்பாத வரிகளை 'ஃபார் அப்டேட் ஸ்கிப் லாக்ட்' போட்டு எடுக்கட்டும். 9.5 பதிப்பிலிருந்து உள்ள இந்த வசதி, இன்னொருவர் பூட்டியிருக்கும் வரிக்குக் காத்திராமல் அடுத்ததை எடுத்துக்கொள்ளும். ஆகவே இரண்டு நிரல்களை ஓட்டினாலும் ஒன்றோடொன்று மோதாது. அந்த நிரலை எழுப்ப ட்ரிகரிலிருந்து நோட்டிஃபை கொடுக்கலாம். பரிவர்த்தனை உறுதியான பின்பே அது போய்ச்சேரும். ஆனால் கேட்பவர் அந்நேரம் இல்லாவிட்டால் அது சேமிக்கப்படாது என்பதால், முப்பது நொடிக்கு ஒருமுறை அட்டவணையைத் தானாகப் பார்க்கும் பழக்கமும் நிரலுக்கு வேண்டும். நோட்டிஃபையின் உள்ளடக்கத்தில் செய்தியையே வைத்து அட்டவணையைத் தவிர்க்க நினைப்பவர்கள் உண்டு. அது 8000 பைட்டுகளுக்குள் அடங்கினாலும் அப்படிச் செய்யாதீர்கள்.

இதிலும் ஒரு விரிசல் மிச்சம் இருக்கிறது. செய்தியை அனுப்பிவிட்டு, அனுப்பியாயிற்று என்று எழுதுவதற்குள் நிரல் செத்தால் மறுமுறை எழுந்து அதே செய்தியை மீண்டும் அனுப்பும். இந்த இடைவெளியை எந்த ஏற்பாட்டாலும் முழுதாக மூட முடியாது. ஒருமுறையாவது போகும் என்பதா, ஒருமுறைக்கு மேல் போகாது என்பதா என்று தேர்ந்தெடுக்கத்தான் முடியும். பால் கணக்குக்கு முதலாவது போதும். செய்திச் சேவை அழைப்பவர் தரும் அடையாள எண்ணைக் கொண்டு இரட்டைகளைத் தவிர்த்துத் தருமானால், பால் பதிவின் எண்ணையே கொடுங்கள். தராவிட்டால் தேதி, வேளை, ரசீது எண் மூன்றையும் செய்தியிலேயே எழுதுங்கள். இரண்டு முறை வந்தாலும் ஒரே பால்தான் என்று உறுப்பினருக்கே தெரியும்.

பிஜி நெட் என்ற நீட்சி இதே ஏற்பாட்டைத் தரவுத்தளத்துக்குள் வரிசையாக வைத்து, பரிவர்த்தனை உறுதியான பின் வலைக் கோரிக்கையை அனுப்புகிறது. சொந்தமாக ஒரு நிரலைப் பராமரிக்க ஆளில்லை என்றால் அதைப் பார்க்கலாம். அனுப்பிய பிறகு தோற்றுப்போனவற்றை மறுபடி அனுப்புவதும் கணக்கு வைப்பதும் அப்போதும் உங்கள் பொறுப்பே, அதனால் நான் தனி நிரலையே விரும்புகிறேன்.

விலை லைப்ரரியை ஏற்றப்போகிறீர்கள் என்றால் கடைசியாக ஒன்று. அந்தக் கோப்பு பிஜி டம்ப் என்ற கருவி எடுக்கும் காப்பில் வராது; தரவுத்தளம் அதன் பெயரை மட்டுமே அறியும். புதிய சர்வரில் காப்பை மீட்கும்போது கோப்பு அங்கே இல்லாவிட்டால் கிரியேட் ஃபங்ஷன் வரி பிழையாகும். மீட்பு அந்த ஒரு பிழையைத் தாண்டி மேலே போய்விடும், ட்ரிகரும் சரியாகவே உருவாகும், பழைய வரிகள் எல்லாம் இருக்கும். மறுநாள் காலை முதல் உறுப்பினரின் பாலைப் பதியும்போதுதான் அப்படி ஒரு ஃபங்ஷனே இல்லை என்று சர்வர் சொல்லும். ஆகவே லைப்ரரியின் மூல நிரலையும், தொகுக்கும் கட்டளையையும், எந்தப் பெரும்பதிப்புக்காகத் தொகுத்தது என்பதையும் காப்போடு சேர்த்து வைத்து, வேறொரு கணினியில் ஒருமுறை மீட்டு, ஒரு வரியைப் பதிந்து பார்த்துவிடுங்கள்.